துண்டு துண்டாக எடுத்து ஒரே பனோரமாவாக ஒட்டுவது: முழுமையான வழிகாட்டி

ஒட்டி முடித்த பனோரமாவில் மின்கம்பி நடுவில் முறிந்து நின்றாலோ, வானம் பட்டை பட்டையாக நிறம் மாறினாலோ எல்லோரும் முதலில் மென்பொருளைத்தான் திட்டுவார்கள். பாவம், பெரும்பாலும் அதன்மேல் தப்பே இருக்காது. கேமராவைத் திருப்பிய விதம் சரியில்லாமல் இருந்திருக்கும், அல்லது படத்துக்குப் படம் கேமரா தானாகவே வெளிச்சத்தை மாற்றியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, படம் எடுப்பதைப் பற்றித்தான். அங்கே ஒழுங்காக இருந்துவிட்டால் கணினியில் சில நிமிட வேலைதான் மிஞ்சும்.

மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது

பக்கத்துப் பக்கத்துப் படங்கள் இரண்டிலும் தெரியும் பொதுப் பகுதியை எடுத்துக்கொண்டு, அதில் ஜன்னல் மூலை, கிளை முனை, பாறை விளிம்பு மாதிரி அடையாளம் காணக்கூடிய புள்ளிகளை மென்பொருள் தேடுகிறது. ஒரே புள்ளி இரண்டு படங்களிலும் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று ஜோடி சேர்க்கிறது. இவற்றைக் கண்ட்ரோல் பாயிண்ட் என்பார்கள். போதுமான ஜோடிகள் கிடைத்ததும், ஒவ்வொரு படமும் எந்தத் திசையைப் பார்த்து எடுக்கப்பட்டது, லென்ஸ் கோடுகளை எவ்வளவு வளைத்தது என்று கணக்குப் போட்டுவிடும். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே பரப்பில் விரித்து, ஒட்டுக்கோடு தெரியாமல் கலக்கும்.

ஜெர்மானியப் பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ் 1998இல் பனோரமா டூல்ஸை வெளியிட்ட காலத்தில், இந்த ஜோடிகளை ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டியிருந்தது. 2003இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும், கலைத்துப்போட்ட படக் குவியலில் எது எதோடு சேரும் என்பதைக் கணினியே கண்டுபிடிக்கும் வழியைக் காட்டினார்கள். இன்று நாம் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க முடிவது அந்த மாதிரி வேலைகளால்தான். ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: கேமரா நின்ற இடத்திலேயே நின்று திரும்பியது, இடம் மாறவில்லை.

கேமரா இடம் மாறினால்

நம்மில் பலர் கேமராவைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சுழற்றுவோம். அப்போது கேமரா நின்ற இடத்தில் திரும்புவதில்லை. நம்மைச் சுற்றி வட்டமாகப் பயணம் போகிறது. உடம்பின் நடுவிலிருந்து லென்ஸ் 50 செ.மீ. தள்ளி இருக்கிறது, 20 டிகிரி திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸ் சுமார் 17 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்துவிடும்.

24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா (36 x 24 மி.மீ. சென்சார் கொண்டது), 50 மி.மீ. லென்ஸ், கேமரா செங்குத்தாக என்று எடுத்துக்கொண்டால், இந்த 17 செ.மீ. என்ன செய்யும்? 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலைக்கு அது ஒரு பிக்சல்கூட இல்லை. 200 மீட்டரில் இருக்கும் கட்டடம் ஏழு பிக்சல் போல விலகும், கலக்கும்போது மறைந்துவிடும். ஆனால் 2 மீட்டரில் இருக்கும் கைப்பிடிக் கம்பி, பின்னால் உள்ள மலையோடு ஒப்பிட்டால் 700 பிக்சலுக்கு மேல் இடம் மாறியிருக்கும். கம்பியைச் சேர்த்தால் மலை உடையும், மலையைச் சேர்த்தால் கம்பி உடையும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் இதை நேர்மையாகச் சரிசெய்ய முடியாது. ஏதோ ஓரிடத்தில் மறைக்க மட்டுமே முடியும்.

இந்த விலகலுக்கு இடமாறு தோற்றப் பிழை என்று பெயர். தூரத்துக் காட்சி மட்டும் என்றால் கவலையே வேண்டாம், கையில் பிடித்தே எடுக்கலாம். கிட்டத்தில் செடி, சுவர், மேஜை ஏதாவது சட்டகத்துக்குள் வருகிறதென்றால் கேமராவைச் சரியான அச்சில் திருப்ப வேண்டும். அந்த அச்சு கேமராவுக்கு நடுவிலும் இல்லை, முக்காலி ஆணி மாட்டும் இடத்திலும் இல்லை. லென்ஸின் முன்கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தால் ஒளி நுழையும் அப்பர்ச்சர் துளை ஓர் ஆழத்தில் தெரியும் அல்லவா, அந்த இடம்தான்.

முக்காலி வைத்திருப்பவர்கள் முன்னும் பின்னும் நகரும் தண்டு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டால் போதும். சரிபார்க்கும் முறை எளிது. கேமராவுக்கு ஒரு மீட்டர் முன்னால் ஒரு குச்சியை நடுங்கள். தூரத்தில் ஒரு கம்பம் அதற்கு நேர்பின்னால் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது குச்சி சட்டகத்தின் இடது ஓரத்தில் வரும் வரை கேமராவைத் திருப்புங்கள், பிறகு வலது ஓரத்துக்கு. குச்சியும் கம்பமும் பிரியாமல் ஒன்றாகவே இருந்தால் அச்சு கிடைத்துவிட்டது. கேமராவை வலப்பக்கம் திருப்பும்போது குச்சி கம்பத்தை விட்டு இடப்பக்கமாக நழுவினால், லென்ஸ் அச்சுக்கு முன்னால் நிற்கிறது என்று பொருள்; கேமராவைத் தண்டில் பின்னுக்கு இழுங்கள். எதிர்ப்பக்கம் நழுவினால் முன்னுக்குத் தள்ளுங்கள். இடம் அமைந்ததும் தண்டில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் மறுமுறை இந்தச் சடங்கு தேவையில்லை. ஜூம் லென்ஸில் ஒவ்வொரு குவியத் தூரத்துக்கும் (லென்ஸின் மி.மீ. அளவுக்கும்) இந்த இடம் மாறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

முக்காலி இல்லையா? லென்ஸைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதிலிருந்து ஒரு நூல், நூலின் முனையில் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கும் ஒரு சிறு எடை. கொத்தனாரின் தூக்குக்குண்டு போலத்தான். தரையில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, எடை அதன் மேலேயே நிற்கும்படி நீங்கள் கேமராவைச் சுற்றி அடி எடுத்து வையுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. கிட்டத்துப் பொருள்கள் உள்ள காட்சியிலும் இந்த முறை வியக்கத்தக்க அளவுக்கு நன்றாக வேலை செய்யும்.

கேமராவில் எதையெல்லாம் பூட்ட வேண்டும்

தானியங்கி என்று பெயர் உள்ள அத்தனையையும். எக்ஸ்போஷரை மேனுவலில் வையுங்கள். கேமராவின் ஒளி உணர்திறனைத் தானாக மாற்றும் ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைக்க மறந்துவிட்டு, மேனுவலில் வைத்தும் வெளிச்சம் மாறுகிறதே என்று குழம்புபவர்கள் நிறைய. காட்சியில் முக்கியமான பகுதிகளிலேயே அதிக வெளிச்சமானது எதுவோ, அதை நோக்கி அளவெடுத்து, அது வெளுத்துப்போகாத அளவில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் அடர்நிழல் என்று இருந்தாலும் எல்லாப் படத்துக்கும் அதே அளவுதான். வித்தியாசம் தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் ஒவ்வொரு நிலையிலும் மூன்று வெளிச்சத்தில் எடுங்கள். ஆனால் மூன்றும் எல்லா நிலைகளிலும் ஒரே அளவுகளாக இருக்க வேண்டும்.

நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வொயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாதீர்கள். ஃபோக்கஸை ஒருமுறை பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். வரிசையின் நடுவே ஃபோக்கஸ் மாறினால் தெளிவு மட்டுமல்ல, பல லென்ஸ்களில் படத்தின் அளவே லேசாக மாறும். அப்பர்ச்சர் எஃப் 8 அளவில் இருந்தால் பொதுவாக ஓரங்களும் தெளிவாக வரும், மூலை இருட்டும் குறையும். போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றி வையுங்கள். சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய வானத்தைத்தான் அது அதிகமாக அடர்த்தியாக்கும். அகலமான பனோரமாவில் நீல வானத்தின் நடுவே ஒரு கரும்பட்டை விழும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

போனில் எடுப்பவர்கள் திரையில் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோக்கஸையும் பூட்டலாம். புரோ மோடு இருந்தால் இன்னும் நல்லது. முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். அல்ட்ரா வைடு, ஓரங்களை அதிகமாக இழுத்துவிடும். போனில் உள்ள பனோரமா மோடு நகர நகரக் குறுகிய பட்டைகளாக ஒட்டிக்கொண்டே போவது. அவசரத்துக்கு நல்லதுதான், ஆனால் கொஞ்சம் கை ஆடினாலும் கோடுகள் நெளியும், எடுத்த பின் திருத்தவும் வழியில்லை. தனித்தனியாக எடுத்து ஒட்டினால் அந்த உரிமை நம் கையில் இருக்கும்.

எத்தனை படம், எவ்வளவு மேற்படிவு

கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். படங்களின் எண்ணிக்கை கூடும்தான், ஆனால் மேலும் கீழும் வெட்ட இடம் இருக்கும். பனோரமாவில் எப்போதும் பற்றாக்குறையாவது உயரம்தான்.

ஒவ்வொரு படமும் முந்தையதோடு 30 சதவீதம் மேற்படிய வேண்டும். வெறும் கடலும் வானமும் என்றால் 40, 50 வரை போகலாம். பிடிக்கப் புள்ளிகள் குறைவான காட்சி அது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒரு படம் 27 டிகிரி அகலத்தைப் பிடிக்கும். 30 சதவீதம் மேற்படிவு போக ஒவ்வொரு முறையும் 19 டிகிரி போலத் திருப்பலாம். அப்படிப் பார்த்தால் 9 படங்களில் கிட்டத்தட்ட 178 டிகிரி. அரைவட்டம் வேண்டுமென்றால் 10 எடுத்துவிடுங்கள். 24 மி.மீ. லென்ஸ் என்றால் 5 போதும். இந்த எண்களையெல்லாம் நினைவில் வைக்க வேண்டாம். சட்டகத்தின் ஓரத்தில் ஓர் அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு, அது அடுத்த படத்தில் எதிர் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு வரும்வரை திருப்பினால் சரி.

கேமராவை மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ சாய்த்தபடி திருப்பினால் படங்கள் வில் போல அடுக்கும். மென்பொருள் அதை நேராக்கும், ஆனால் வெட்டும்போது பாதி உயரம் போய்விடும். அடிவானம் சட்டகத்தின் நடுவில் இருக்கும்படி மட்டமாக வைத்துத் திருப்புவதே லாபம். உயரம் போதாவிட்டால் இரண்டாவது வரிசை எடுங்கள்.

அசையும் பொருள்கள் வேறொரு தலைவலி. ஒரே ஆள் நடந்துகொண்டே மூன்று இடத்தில் நிற்பார், வண்டி பாதியாக வெட்டுப்படும். நகரும் ஆள் ஏதாவது ஒரு படத்தின் நடுப்பகுதிக்குள் முழுதாக வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள்; மேற்படியும் பகுதி காலியாக இருந்தால் பிரச்சினை இல்லை. அலையில் நுரை கரையும் இடம், காற்றில் ஆடும் கிளை இவையெல்லாம் ஓரளவு பொருந்தாமல்தான் போகும், ஆனால் கண்ணுக்கு எளிதில் தெரியாது. மேகம் வேகமாக ஓடும் நாளில் தயங்காமல் விறுவிறு என்று எடுத்து முடியுங்கள்.

இன்னொன்று: வரிசை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் உங்கள் விரலை லென்ஸ் முன் காட்டி ஒரு படம் எடுத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான ஒரே மாதிரிப் படங்களுக்கு நடுவே எது எந்தத் தொகுதி என்று தேடும்போது இந்தக் கோணல் விரல் படத்துக்கு நன்றி சொல்வீர்கள்.

ஒட்டும் முன்

ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால் ஒரு படத்தைத் திருத்தி, அதே அமைப்புகளை மற்ற எல்லாவற்றுக்கும் அப்படியே நகலெடுங்கள். தனித்தனியாக ஆட்டோ பொத்தானை அழுத்தினால், கேமராவில் பூட்டியதெல்லாம் வீண். எந்தப் படத்தையும் வெட்டாதீர்கள், நேராக்காதீர்கள். கோணக் கணக்குக்கு முழுச் சட்டகம் வேண்டும். லென்ஸ் திருத்தம் செய்வதென்றால் எல்லாவற்றுக்கும் செய்யுங்கள், இல்லையேல் எதற்கும் வேண்டாம். 16 பிட் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் படக்கோப்பு வடிவம்) ஆக எடுத்துக்கொண்டால் வானத்தின் மென்மையான நிற மாற்றம் பின்னால் திருத்தும்போது படிக்கட்டாக உடையாது.

ஹூகினில் படிப்படியாக

ஹூகின் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், டெர்ஷின் பனோரமா டூல்ஸ் மேல் கட்டப்பட்டது. முதலில் பார்க்கக் கொஞ்சம் மிரட்டும். ஆனால் ஒரு படம் ஏன் சரியாக ஒட்டவில்லை என்பதைக் கையும் களவுமாகக் காட்டுவது இதுதான் என்பதால் கற்றுக்கொள்ள நான் இதையே பரிந்துரைப்பேன்.

1. அசிஸ்டன்ட் தாவலில் ‘லோட் இமேஜஸ்’ அழுத்தி எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுங்கள். படக்கோப்பில் குவியத் தூரத் தகவல் இல்லாவிட்டால் ஹூகின் கேட்கும். அப்போது லென்ஸின் மி.மீ. அளவையும் கிராப் ஃபேக்டரையும் (ஃபுல் ஃபிரேமைவிட உங்கள் சென்சார் எத்தனை மடங்கு சிறியது என்ற எண்) கொடுக்க வேண்டும்.

2. ‘அலைன்’ அழுத்துங்கள். ஜோடிப் புள்ளிகளைத் தேடி, பொருந்தாதவற்றைக் கழித்து, கோணங்களைக் கணக்கிடும்.

3. லேஅவுட் தாவலுக்குப் போங்கள். படங்களை இணைக்கும் கோடுகள் தெரியும். பச்சை என்றால் நல்ல பொருத்தம், சிவப்பு என்றால் அந்த ஜோடியில் தகராறு. எஃப் 3 விசையை அழுத்தினால் எல்லாப் புள்ளிகளும் பட்டியலாக வரும்; பிழைத் தூரத்தின்படி அடுக்கிவிட்டு, 20, 30 பிக்சல் என்று காட்டும் உச்சியில் உள்ளவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் மேகத்தின் மேலோ, அசையும் இலையின் மேலோ, ஆளின் சட்டை மேலோ உட்கார்ந்திருக்கும். அவற்றை நீக்கிவிட்டு மறுபடி ஆப்டிமைஸ் செய்யுங்கள், அதாவது கோணங்களை மீண்டும் கணக்கிடச் சொல்லுங்கள். மேகப் புள்ளிகளை மட்டும் தானாகக் களைய செலஸ்ட் என்ற கருவியும் உள்ளே இருக்கிறது. மீதிப் புள்ளிகள் இரண்டு மூன்று பிக்சலுக்குள் வந்துவிட்டால் நிம்மதி. நல்ல புள்ளிகளையும் கூட்டத்தோடு அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஜோடிப் படத்துக்கும் பரவலாகச் சில புள்ளிகளாவது மிஞ்ச வேண்டும்.

4. அடிவானம் அலை அலையாகவோ சாய்ந்தோ இருந்தால் மூவ் தாவலில் ‘ஸ்ட்ரெய்ட்டன்’. அதிலும் சரியாகாவிட்டால், ஒரு கட்டட விளிம்பின் மேல்முனையையும் கீழ்முனையையும் குறித்து, இது செங்குத்துக் கோடு என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று இடங்களில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இப்படிச் செய்தால் படம் முழுவதும் நிமிர்ந்து நிற்கும்.

5. விரிப்பு முறையை (காட்சியைத் தட்டையாக்கும் முறை) தேர்ந்தெடுங்கள். இதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

6. கிராப் தாவலில் ‘ஆட்டோகிராப்’, பிறகு ‘கிரியேட் பனோரமா’.

ஒரே ஆள் இரண்டு இடத்தில் தோன்றினால் ஐந்தாவது படிக்கும் ஆறாவது படிக்கும் இடையில் நின்று, மேம்பட்ட முகப்புக்கு மாறி மாஸ்க் தாவலைத் திறங்கள். வேண்டாத உருவத்தைச் சுற்றி வரைந்து ‘எக்ஸ்க்ளூட்’ கொடுத்தால், அந்த இடத்தைப் பக்கத்துப் படத்திலிருந்து ஹூகின் எடுத்துக்கொள்ளும். ஆளை முழுதாக வைத்துக்கொள்ள விரும்பினால் ‘இன்க்ளூட்’.

லைட்ரூம் வைத்திருப்பவர்கள் படங்களைத் தேர்ந்தெடுத்து ‘ஃபோட்டோ மெர்ஜ்’ போனால் போதும். விளைவு டிஎன்ஜி கோப்பாகவே வருவதால் ஒட்டிய பிறகும் ரா போலவே திருத்தலாம், அது பெரிய வசதி. ‘பவுண்டரி வார்ப்’ என்ற ஸ்லைடரை நகர்த்தினால் வளைந்த ஓரங்களை இழுத்துச் செவ்வகமாக்கும். இயற்கைக் காட்சிக்குச் சரி, கட்டடம் இருந்தால் சுவர்கள் நெளியும். ஃபோட்டோஷாப்பின் ‘ஃபோட்டோமெர்ஜ்’ ஒவ்வொரு படத்தையும் தனி லேயராக, மாஸ்க்கோடு கொடுக்கும். ஒட்டுக்கோடு தவறான இடத்தில் விழுந்தால் தூரிகையால் மாஸ்க்கை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம்.

எந்த விரிப்பு

கேமரா பார்த்தது ஓர் உருண்டையின் உட்புறம். அதைத் தட்டையாக்கும்போது ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விடுவது என்பதுதான் கேள்வி.

ரெக்டிலினியர் எல்லா நேர்க்கோட்டையும் நேராகவே வைக்கும். கட்டடத்துக்கு அருமை. ஆனால் நடுவிலிருந்து 60 டிகிரி தள்ளிய இடத்தில் அகலவாக்கில் நான்கு மடங்கும் உயரவாக்கில் இரண்டு மடங்கும் இழுபடும். ஓரத்தில் நிற்கும் ஆள் பீப்பாய் ஆகிவிடுவார். மொத்த அகலம் 100 டிகிரிக்குள் இருந்தால் மட்டும் இதை எடுங்கள். அதற்கு மேல் சிலிண்ட்ரிகல்: செங்குத்துக் கோடுகள் நேராக நிற்கும், அடிவானமும் நேர்தான், மற்ற கிடைக்கோடுகள் வளையும். எதிரே உள்ள நீண்ட சுவர் நடுவில் வீங்கித் தெரிவது இதனால்தான். மலை, கடல், வயல் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 360 டிகிரிச் சுழல்படம் தயாரிப்பவர்களுக்கு ஈக்விரெக்டாங்குலர். அதன் அகலம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும்.

அதிகம் பேர் தொடாத ஒன்று பானினி. 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஜொவானி பாவோலோ பானினியின் பெயரால் வழங்குவது. நடுப்புள்ளியை நோக்கி ஓடும் கோடுகளையும் செங்குத்துகளையும் நேராக வைத்து, மற்றவற்றை மட்டும் வளைக்கும். நீண்ட தாழ்வாரம், தெரு, பெரிய மண்டபத்தின் உட்புறம் ஆகியவற்றுக்கு இதைவிட இயல்பான தோற்றம் வேறெதிலும் கிடைப்பது கடினம். ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சேமிப்பது

மேலே சொன்ன 9 படப் பனோரமா சுமார் 26,000 பிக்சல் அகலம் வரும். வெட்டியது போக 140 மெகாபிக்சலை ஒட்டி நிற்கும். 16 பிட் டிஃப் ஆக வைத்தால் ஏறக்குறைய 850 மெகாபைட். இதைவிடப் பெரிதாகப் போகிறவர்கள் வடிவ வரம்புகளைக் கவனிக்க வேண்டும்: ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல் வரைதான் தாங்கும், அதற்கு மேல் பிஎஸ்பி. ஜேபெக் 65,535இல் நின்றுவிடும். பகிர்வதற்கு அகலத்தை 4,000 அல்லது 6,000க்குக் குறைத்து ஒரு தனி ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள். குறைத்த பிறகுதான் கூர்மையைக் கூட்ட வேண்டும், முன்னால் அல்ல.

மூலப் படங்களையும் ஹூகினின் பிடிஓ கோப்பையும் ஒரே அடைவில் சேர்த்து வையுங்கள். பிடிஓவில் புள்ளிகள், மாஸ்க், கோணங்கள் எல்லாம் எழுத்தாகவே இருக்கும், சில கிலோபைட்தான் பிடிக்கும். ஆனால் படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் அவை எங்கே என்று திறக்கும்போது கேட்கும். அடைவை முழுதாக நகர்த்தினால் அந்தத் தொல்லை இல்லை.